"சும்மாதான் படுத்திருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்

நம் குடியிருப்பில் வசிக்கும் எல்லோருக்கும், அக்கம்பக்கத் தெருக்களில் பூனை வளர்ப்பவர்களுக்கும், தெருப்பூனைகளுக்குச் சோறு வைப்பவர்களான நாங்கள் எழுதுவது.

மீன் மார்க்கெட் விவகாரம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டால் சொல்வார். 12 வயதுப் பெண் பூனை. பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில், ஒரே சோபாவில் வளர்ந்தது. அதைச் சாக்கில் போட்டுக் கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக ஸ்கூட்டரில் கொண்டுபோய் மார்க்கெட் வாசலில் இறக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். "அங்கே மீன் கிடைக்கும், எப்படியும் பிழைச்சுக்கும்" என்று சமாதானம் வேறு. மீன் விற்கும் அக்கா ஒருவர், ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் அது ஒண்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். முகத்துக்கு நேரே மீன் தலை கிடந்தது. அதை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மருத்துவரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டுகளும் தேய்ந்து, ஓரங்களில் எலும்பு முளைவிட்டிருந்தது தெரிந்தது. முன்னங்கால் கட்டைவிரல் நகம் வளைந்து வளர்ந்து, பாதத்தின் மெத்தென்ற சதைக்குள் குத்தி இறங்கியிருந்தது. எங்களில் ஒருவர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் நகத்தை வெட்டி இழுத்தபோது, முனையோடு சீழும் வந்தது. இடுப்புக்கு மேலே முடி சடைசடையாகத் திரண்டிருந்தது. திரும்பி நக்கிச் சுத்தம் செய்ய முடியாத பூனைக்கு முடி அப்படித்தான் ஆகும்.

அந்த வீட்டாரின் பெயரை நாங்கள் எங்கும் சொல்லப்போவதில்லை. 12 வருடம் சோறு போட்டவர்கள், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கடந்த ஒரு வருடமாக அவர்கள் எல்லோரிடமும் சொல்லிவந்த புகார்களை நினைத்துப் பாருங்கள்: "எந்நேரமும் தூங்கிக்கிட்டே இருக்கு. டப்பாவுக்குப் போகாம மூலையில ஒண்ணுக்குப் போகுது. தூக்கினா கடிக்குது." இந்த மூன்றும் கெட்ட பழக்கங்களாம்! மூன்றும் வலியின் அடையாளங்கள். ஏறமுடியாததால் படுத்திருந்தது. மணல் டப்பாவின் உயரமான விளிம்பைத் தாண்ட இடுப்பு இடம் கொடுக்காததால் வெளியே போனது. தூக்கும்போது மூட்டில் கை அழுந்தியதால் கடித்தது. ஒரு வருடமாக அது வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த பதில் சாக்கு.

இதிலிருந்து நம் குடியிருப்போர் சங்கம் எடுத்துக்கொண்ட பாடம்தான் எங்களை இந்தக் கடிதம் எழுதவைத்தது. அடுத்த பொதுக்குழுவுக்கு வரப்போகும் தீர்மானத்தைப் படித்தீர்களா? படிக்கட்டு, லிஃப்ட் வாசல், கார் நிறுத்துமிடம் ஆகிய இடங்களில் "படுத்துக் கிடந்து அசுத்தம் செய்யும்" பூனைகளை வளர்ப்பவர்களே அப்புறப்படுத்த வேண்டும், வளர்ப்பவர் இல்லையென்றால் சங்கமே ஆள் வைத்து அப்புறப்படுத்தும் என்கிறது அது. மார்க்கெட் வாசலில் ஒரு வீடு செய்ததை இனி 100 வீடுகள் கையெழுத்துப் போட்டுச் செய்யலாம் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசும்போது அதிகம் கேட்கும் பதில், "அதுக்கு வயசாயிடுச்சுங்க" என்பது. இந்த ஒரு வாக்கியம்தான் பூனைகளைக் கொல்கிறது. வயது நோயல்ல. வயதோடு வரும் மூட்டுத் தேய்மானம் நோய், அதற்கு மருத்துவமும் உண்டு. அமெரிக்காவில் 6 மாதக் குட்டியிலிருந்து 20 வயதுக் கிழம் வரை 100 வீட்டுப் பூனைகளைப் பொறுக்கி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. 92 பூனைகளுக்கு எங்காவது ஒரு மூட்டில் தேய்மானம் இருந்தது. 2011இல் வெளியான இன்னோர் ஆய்வில், 6 வயதைத் தாண்டிய பூனைகளில் 61 விழுக்காட்டுக்குக் குறைந்தது ஒரு மூட்டிலாவது தேய்மானம். 14 வயதைத் தாண்டியவற்றில் அது 82 விழுக்காடு. எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் வலியாக இருக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு பூனைகளில் ஒன்றுகூட நம் குடியிருப்பில் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அமெரிக்காவில் பூனையின் மூட்டு வலிக்கென்றே வந்த முதல் மருந்துக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்ததே 2022 ஜனவரியில்தான். அதுவரை அங்கேயே இந்த வலியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"நொண்டவே இல்லையே, அப்புறம் எப்படி வலி?" என்று கேட்கிறார்கள். நாய்க்கு ஒரு கால் வலித்தால் அதைத் தூக்கிக்கொண்டு நொண்டும், நமக்குத் தெரிந்துவிடும். பூனைக்குத் தேய்மானம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வருகிறது. எந்தக் காலை மாற்றி ஊன்றினாலும் வலிக்கும்போது அது எதற்கு நொண்ட வேண்டும்? அசைவதையே குறைத்துக்கொள்கிறது. தவிர, எலியைப் பிடிக்கும் பூனையே நாய்க்கும் இரையாகும் பிராணி. பலவீனத்தை வெளியே காட்டினால் அதற்கு ஆபத்து. ஆகவே கத்தாது, முனகாது, ஒளிந்துகொள்ளும். மடியில் படுத்து உர்ர் உர்ர் என்று சத்தம் போடுவதை வைத்துச் சுகமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வலியிலும் பூனை அந்தச் சத்தம் போடும்.

நல்ல பூனையும் ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். ஆகவே தூக்கத்தைக் கணக்குப் பார்ப்பதில் பயன் இல்லை, விழித்திருக்கும் நேரத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். மேலே தாவுவது, கீழே குதிப்பது, படி ஏறுவது, படி இறங்குவது, ஓடுவது, அசையும் பொருளைத் துரத்துவது: இந்த ஆறையும்தான் மருத்துவர்கள் கேட்கிறார்கள். போன வருடம் பிரிட்ஜ் மேல் ஏறிய பூனை இப்போது சமையல் மேடையோடு நின்றுவிட்டதா? ஜன்னல் திண்டுக்குத் தாவும் முன் இரண்டு மூன்று முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாமென்று திரும்பிப் போகிறதா? ஒரே தாவலில் கட்டிலேறியது, இப்போது முன்னங்கால்களால் மெத்தை விரிப்பைப் பற்றி உடம்பை இழுத்துக்கொண்டு ஏறுகிறதா? படியிறங்கும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்துவைத்துத் தத்தித் தத்தி இறங்குகிறதா? எங்கள் அனுபவத்தில் இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு "அழகா முயல் மாதிரி இறங்குது" என்று வீடியோவும் எடுக்கிறார்கள். அந்த வீடியோவை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரி மேசைமேல் பயத்தில் உறைந்து நிற்கும் பூனை அங்கே எதையும் காட்டிக்கொடுக்காது.

முகத்தையும் பாருங்கள். கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை ஆகிய ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடுவார்கள். காது இரண்டும் விலகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது, கண் பாதி இடுங்கியிருப்பது, மூக்கும் வாயும் இறுகியிருப்பது, மீசை விறைத்து முன்னோக்கி நீட்டியிருப்பது, தலை தோளுக்குக் கீழே தொங்குவது இவையெல்லாம் வலி. பத்துக்கு நான்கு வந்தாலே வலி மருந்து தேவைப்படலாம் என்கிறார்கள். நிம்மதியாகத் தூங்கும் பூனை உடம்பைத் தளர்த்திச் சுருண்டிருக்கும். வலியிலிருக்கும் பூனை தூங்குவதுபோல் தெரிந்தாலும் நான்கு காலையும் இறுக்கி, முதுகைக் கூனிக்கொண்டு குந்தியிருக்கும். ஒருமுறை வித்தியாசம் பிடிபட்டால் பிறகு தெருவில் போகும்போதே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இனி சொல்லப்போவதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வலி என்று தெரிந்ததும் வீட்டு மருந்து டப்பாவைத் திறக்காதீர்கள். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரிவர இல்லை. ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நச்சு ஏறியதாகப் பதிவுகள் உண்டு. 4 கிலோ பூனைக்கு அது 40 மில்லிகிராம். நாம் வாங்கும் மாத்திரை 650 மில்லிகிராம், ஆக அதில் கால் துண்டு கொடுத்தாலே நான்கு மடங்கு! ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சுத் திணறி அது சாகும். "பாவம்னு கொடுத்தேன்" என்று அழுதவர்களை எங்களுக்குத் தெரியும். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் கொடுக்கக் கூடாது. நாய்க்கு மருத்துவர் எழுதிய மருந்து மிச்சமிருக்கிறது என்று அதையும் கொடுக்கக் கூடாது. நீலகிரித் தைலம், கற்பூரத் தைலம், தலைவலித் தைலம் எதையும் மூட்டில் தேய்க்கவும் கூடாது. தேய்த்ததை அது நக்கும், நக்கினால் உள்ளே போய்விடும். பூனைக்கான வலி மருந்துகளையே சிறுநீரகம் தாங்குமா என்று ரத்தம் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர்கள் தொடர்ந்து கொடுக்கிறார்கள். மருந்துக் கடை அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடம் இதைக் கேட்காதீர்கள்.

நடமாட்டம் படிப்படியாகக் குறைவது ஒரு வகை. நேற்றுவரை ஓடியது இன்று திடீரென்று படுத்துவிட்டால் காத்திருக்கவே கூடாது. ஆண் பூனை டப்பாவில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது, இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். பின்னங்கால்கள் திடீரென்று விழுந்து பாதம் சில்லென்று இருந்தால் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறும் அபாயம், அதுவும் குண்டுப் பூனைக்கு அதிகம். பால்கனியிலிருந்து விழுந்த பூனை எழுந்து நடந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி மருத்துவர்கள் 1987இல் எழுதினார்கள். பத்தில் ஒன்பது பிழைத்தன. ஆனால் பத்தில் ஒன்பதுக்கு நெஞ்சுப் பகுதியிலும் அடி இருந்தது.

சிகிச்சைப் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. குறைந்த செலவில் பார்க்க வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. துணி விரித்த மூடி போட்ட கூடை போதும், ஆட்டோவில் கொண்டுபோகலாம். வழியில் பயப்படாமலிருக்க மேலே ஒரு துண்டைப் போர்த்திவிடுங்கள். வண்டி பிடிக்க முடியாதவர்கள் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம். மருந்தில்லாமல் செய்யக்கூடியதும் நிறைய. மணல் டப்பாவின் ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் தாழ்வாக வெட்டிவிட்டால் மூலையில் போவது பல வீடுகளில் நின்றிருக்கிறது. சோபாவுக்கு முன்னால் ஒரு முக்காலி. சோற்றுத் தட்டும் தண்ணீரும் தரையில், அதுவும் படுக்கைக்குப் பக்கத்தில். குளிர் தரையில் படுக்காமல் மடித்த போர்வை. எடை கூடியிருந்தால் சாப்பாட்டில் குறைப்பு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. நகத்தை மாதம் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம், பிறகு தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிராணியை வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற வலி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 3ஆம் பிரிவில் சொல்கிறது. பட்டினியாலோ தாகத்தாலோ அவதிப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாலே அதைவிட அதிகம் கேட்பார்கள், வெட்கக்கேடு. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு வேறு. பிராணியைக் கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் ஊனமாக்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறை. "அப்புறப்படுத்த" வரும் ஆள் என்ன செய்வார் என்று தீர்மானத்தில் எழுதவில்லை. அவர் செய்வதற்குக் கையெழுத்துப் போட்டவர்களும் பதில் சொல்ல வேண்டிவரும்.

பொதுக்குழுவுக்கு வாருங்கள், அந்தத் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்குங்கள். அதற்குப் பதிலாக நாங்கள் முன்வைப்பது இது: அசுத்தம் பற்றிய புகார் வந்தால் முதலில் அந்தப் பூனையை மருத்துவரிடம் காட்ட வேண்டும், வளர்ப்பவர் இல்லாத பூனைக்கு அந்தச் செலவை நாங்கள் ஏற்கிறோம், படிக்கட்டைக் கழுவும் வேலையையும் நாங்களே முறைவைத்துச் செய்கிறோம். அதற்கு முன்பே, இன்று இரவே, உங்கள் வீட்டுப் பூனை எங்கே படுத்திருக்கிறது, போன வருடம் எங்கே படுத்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மேலேயிருந்து தரைக்கு வந்திருந்தால் இந்த வாரமே கூட்டிப் போங்கள். தீர்மானம் நிறைவேறி, அதன்பிறகு ஒரே ஒரு பூனை சாக்கில் இந்த வாசலைத் தாண்டினாலும், தூக்கிப்போனவர் மீது மட்டுமல்ல, சங்கத்தின் மீதும் காவல் நிலையத்தில் புகார் கொடுப்போம். எக்ஸ்ரே படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.