பாலர் நாடக சபைகளும் நமது கடனும்

தமிழ் நாடக மேடையின் பெருமையைப் பேசாத தேசாபிமானி நம்மிடையே எவருமிலர். ஆயின் அம்மேடையை ஒரு தலைமுறைக் காலம் தாங்கி நின்ற தோள்கள் எவருடையவை என்று நாம் யோசித்ததுண்டா? அவை மீசை அரும்பாத சிறுவர்களுடைய தோள்கள். பாலர் நாடக சபைகளின் சரித்திரம் நமக்குப் பெருமை தருவது. அதனோடு ஒரு பெருங்கடனையும் நம்மேல் சுமத்துவது. முன்னதைப் போற்றுவோர் பின்னதை மறத்தல் நியாயமாகாது.

மதுரையில் 1918-ம் வருஷம் சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக விளங்க, தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றிற்று. வயது வந்த நடிகர்களோடு பல்லாண்டு பழகியவர் சுவாமிகள். பாடத்தை நெட்டுருச் செய்யாது மேடையில் மனம் போனவாறு பேசுவதும், போட்டிக்காகக் கதையை மறந்து பாடுவதும் அவர்களில் பலருக்கு வழக்கமாயிருந்தன. சிறுவர்களோ சொன்னதைச் சொன்னபடி கற்பார்கள். நாடகம் ஆசிரியன் எழுதியவாறே அரங்கேறும். பாலர் சபையின் வலிமை இதுவே. அச்சபையில் சேர்ந்த சங்கரன், முத்துசாமி, சண்முகம் என்ற சகோதரர்களுள் சண்முகத்திற்கு அப்போது வயது 6. அப்பிள்ளையை மனத்திற்கொண்டு சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. 1922-ல் புதுச்சேரியில் சுவாமிகள் காலஞ்சென்றார். அவர் ஊன்றிய விதை அழியவில்லை. 1925-ல் அச்சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தாமே நிறுவினர்.

இச்சபைகள் தேசத்திற்குச் செய்த சேவை சிறிதன்று. வெ. சாமிநாத சர்மா எழுதிய 'பாணபுரத்து வீரன்' அந்நிய சர்க்காரின் தடைக்கு உள்ளாயிற்று. அதனையே 'தேசபக்தி' என்ற பெயரால் ஷண்முகானந்த சபையார் 1931-ல் மேடையேற்றிப் பாரதியாரின் பாடல்களை ஜனங்களின் செவியில் முழங்கச் செய்தனர். 1876-ம் வருஷத்து நாடகச் சட்டம் தலைக்குமேல் கத்தியாகத் தொங்கிய காலம் அது. பத்திரிகை படிக்க அறியாத பாமரரும் சுதந்திரம் என்னும் சொல்லின் பொருளைக் கொட்டகையில் கேட்டறிந்தனர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வளர்ந்தது இச்சபையில்தான். எம்.ஜி. ராமச்சந்திரன், பி.யு. சின்னப்பா ஆகியோர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்றவர்கள். பின்னாளில் திரையுலகையும் ராஜ்யத்தையும் ஆண்டவர்களின் பள்ளிக்கூடம் பாலர் கம்பெனி என்றால் அது மிகையன்று.

ஆனால் நேயர்களே, இப்பெருமைக்கு விலை கொடுத்தவர் யார்? அன்னம் அரிதான வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தனர். பெற்றோர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். பிள்ளை கம்பெனி வீட்டில் உண்டு, கம்பெனி வீட்டில் உறங்கி, இரவெல்லாம் விழித்து நடித்தான். பாடம் தவறினால் வாத்தியாரின் பிரம்பு பேசிற்று. ஊர் ஊராகச் செல்லும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது? யாவற்றினும் கொடியது மகரக்கட்டு. குரல் உடையும் பருவம் வந்ததும், நேற்றுவரை ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கரகோஷம் பெற்றவன், இன்று யாருக்கும் வேண்டாதவனானான். புகழ் பெற்றவர்களின் பெயரை நாம் அறிவோம். குரலும் இழந்து, கல்வியும் இன்றி, கைத்தொழிலும் அறியாது வீடு திரும்பியவர்களின் பெயரை அறிந்தவர் எவர்? ஒரு கலைஞன் உயர்ந்ததைக் காட்டி, உயராதவர் பட்ட துன்பத்தை மறைத்தல் கணக்கில் வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்தலை ஒக்கும்.

அன்று வேறு வழியில்லை என்று சிலர் கூறுவர். ஒருவாறு அது மெய்யே. பசித்த பிள்ளைக்குச் சோறும் வித்தையும் தந்த இடம் அது. சண்முகம் அவர்கள் 1972-ல் வெளியிட்ட 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலில் தம் ஆசிரியரை அளவற்ற நன்றியோடு நினைவுகூர்கிறார். ஆசான்களை நாம் நிந்திக்கவில்லை. வறுமையால் ஒப்பந்தத்திற்கு உட்படும் நிலையில் பிள்ளையை வைத்திருந்த சமூகத்தையே குற்றங்கூறுகிறோம்.

இன்று நிலை மாறியிருக்கிறது. திரையிலும் தொலைக்காட்சியிலும் தோன்றும் குழந்தைகளுக்காக 2017-ல் விதிகள் செய்யப்பட்டுள்ளன. நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது, ஈட்டும் வருமானத்தில் 20 சதவீதத்திற்குக் குறையாமல் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாக இருத்தல் வேண்டும், படிப்பு தடைப்படலாகாது. காகிதத்தில் உள்ள இவ்விதிகள் படப்பிடிப்புக் கூடத்தில் உயிர் பெறுகின்றனவா என்று கவனிப்பது அதிகாரிகளின் பொறுப்பு மட்டுமன்று. பிள்ளையின் பாட்டுக்குக் கைதட்டும் நமது பொறுப்புமாகும்.

இனிச் செய்யத்தக்கது யாது? பாலர் சபையின் குணத்தை வைத்துக்கொண்டு அதன் கொடுமையை நீக்குதல். அரசாங்கப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் கலைத் திருவிழா நல்ல தொடக்கம். எனினும் வருஷத்தில் சில நாள் போட்டியும் பரிசும் போதா. நாடகம் அறிந்த ஆசிரியர் பள்ளியில் வேண்டும். பாடவேளையில் நாடகத்திற்கு இடம் வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் மாலை நேரத்தில் வாலிபர் சங்கங்கள் நாடகம் பழக ஓர் அரங்கம் வேண்டும். தெளிந்த உச்சரிப்பும், கூடித் தொழில் செய்யும் பழக்கமும், சபைக்கஞ்சாமையும் நாடகத்தால் வருவன. இம்மூன்றும் இல்லாத பிரஜை ஜனநாயகத்தை எங்ஙனம் காப்பான்?

ஆண்டுதோறும் சுவாமிகளின் நினைவு நாளில் மாலை சூட்டுவோர்க்கு நாம் சொல்வது இது ஒன்றே: மாலையோடு ஒரு பள்ளிக்கு ஒரு நாடக ஆசிரியரையும் பெற்றுத் தாருங்கள். பள்ளியை இழந்து மேடையைப் பெற்ற சிறுவர்களுக்கு நாம் பட்ட கடன், மேடைக்காக எந்தப் பிள்ளையும் பள்ளியை இழக்காத நாளில்தான் தீரும்.