ஓராண்டு உழைப்பும் ஒருநாட் பந்தயமும்

மனிதருடைய முயற்சியை அளத்தற்கு உலகம் இரண்டு அளவைகளைக் கைக்கொண்டு வருகின்றது. ஒன்று, நெடுநாள் நிகழ்ந்த உழைப்பை நாடோறும் கூட்டிவைத்து முடிவில் நிறுத்துப் பார்ப்பது. மற்றொன்று, குறித்த ஒருநாளிற் குறித்த ஒரு நாழிகையில் ஒருவன் செய்து காட்டியதை மட்டும் நோக்குவது. இவ்விரண்டனுள் நீதிக்கு ஏற்றது யாது என்னும் வினா கலாசாலைகளுக்கே உரியதன்று. விளையாட்டு மைதானத்திற்கும் உரியதாம். இங்கிலாந்து தேசத்துக் கால்பந்தாட்டத்தின் இரண்டாம் பிரிவில், லூட்டன் டவுன் என்னும் சங்கம் 2022–23-ஆம் பருவத்தில் அடைந்த அநுபவம் இவ்வினாவைத் தெளிவாக நம்முன் வைக்கின்றது. அதனைக் கருவியாகக் கொண்டு நம் கருத்தை ஈண்டு வெளியிடுவோம்.

லண்டன் மாநகருக்கு வடக்கே பெட்ஃபர்ட்ஷையரில் உள்ள லூட்டன், முற்காலத்தில் தொப்பித் தொழிலாற் பேர்பெற்ற ஊர். அதுபற்றி அவ்வூர்ச் சங்கத்தாரைத் ‘தொப்பிக்காரர்’ என்றே மக்கள் அழைப்பர். 1885-இல் தோன்றிய அச்சங்கம் 1905-இற் குடிபுகுந்த கெனில்வொர்த் ரோடு மைதானம் வீட்டு வரிசைகளின் நடுவே அமைந்த சிற்றிடம். பதினாயிரம் பேர்க்குச் சற்று மேலாகவே அதில் இடமுண்டு. எதிர்க்கட்சியின் அன்பர்கள் வீட்டு வாயிலை ஒத்த வழியிற் புகுந்து, குடியிருப்போர் கொல்லைகளுக்கு மேலாகச் செல்லும் படிகளைக் கடந்தே தம் இருக்கைகளை அடைதல் வேண்டும். 1992-இல் முதற்பிரிவினின்று இறங்கிய இச்சங்கம் மேன்மேலும் தாழ்வுற்றது. பணவிவகாரக் குற்றங்களுக்காக 2008–09-ஆம் பருவத்தில் 30 புள்ளிகள் குறைக்கப்பட்டு, லீக்கைவிட்டே நீங்கி, ஐந்தாம் படியில் ஐந்து பருவங்கள் உழன்றது. 2014-இல் லீக்கிற்கு மீண்டது. 2018-இலும் 2019-இலும் அடுத்தடுத்து உயர்வு பெற்று இரண்டாம் பிரிவை எய்திற்று. வீழ்ந்தவர் எழுதற்குப் பொருளினும் பொறுமையே பெருந்துணை என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

இரண்டாம் பிரிவில் 24 சங்கங்கள் உள. ஒவ்வொன்றும் ஏனைய எல்லாவற்றையும் தன்னூரில் ஒருமுறையும் அயலூரில் ஒருமுறையுமாக எதிர்த்து, ஆக 46 ஆட்டங்கள் ஆடுதல் வேண்டும். வேனிலின் இறுதியில் தொடங்கி, குளிரும் பனியும் சேறும் கடந்து, மறுவசந்தத்தில் முடியும் நெடும்பயணம் அது. 2022 நவம்பரில் லூட்டனின் மானேஜர் நேதன் ஜோன்ஸ் முதற்பிரிவிலிருந்த சௌதாம்ப்டனுக்குச் சென்றுவிட்டார். அவ்விடத்திற்கு ராப் எட்வர்ட்ஸ் என்பவரை அமர்த்தினர். அவரோ லூட்டனின் பரம்பரைப் போட்டியாளராகிய வாட்ஃபர்டில் அதே பருவத்திற் சில ஆட்டங்கள் மட்டும் நிகழ்ந்தவளவில் வேலையினின்று நீக்கப்பட்டவர். ஓரிடத்தில் வேண்டாவென்று விலக்கப்பட்டவர் மற்றோரிடத்தில் ஆணிவேரானார். பருவமுடிவில் லூட்டன் 21 ஆட்டங்களில் வென்று, 17-இற் சமனுற்று, 8-இல் மட்டுமே தோற்று, 80 புள்ளிகளுடன் மூன்றாமிடத்தில் நின்றது. முதலிடம் பெற்ற பர்ன்லி 101 புள்ளிகளும், இரண்டாமிடம் பெற்ற ஷெஃபீல்டு யுனைடெட் 91 புள்ளிகளும் எய்தின.

இனி விதியைக் காண்போம். முதலிரு இடத்தார் நேரே உயர்வர். 2022–23-ஆம் பருவத்தில் மூன்று முதல் ஆறுவரை நின்ற நால்வரும் தமக்குட் பொருது, வென்ற ஒருவரே மேலேறுதல் விதியாயிருந்தது. ‘பிளே-ஆஃப்’ என்று இதனைக் கூறுவர். நாம் உயர்வுப் பந்தயம் என்போம். அப்பருவத்தில் நான்காம் இடத்து மிடில்ஸ்பரோ 75 புள்ளிகளும், ஐந்தாம் இடத்துக் காவென்ட்ரி 70 புள்ளிகளும், ஆறாம் இடத்துச் சண்டர்லாந்து 69 புள்ளிகளும் பெற்றிருந்தன. ஆயினும் 80-ஐயும் 69-ஐயும் ஒரே தட்டில் வைத்து, ‘மீண்டும் தொடங்குக’ என்றது விதி. லூட்டன் சண்டர்லாந்தின் ஊரில் 1–2 எனத் தோற்று, தன்னூரில் 2–0 என வென்று, இறுதிப் பந்தயத்திற் காவென்ட்ரியை எதிர்நோக்கியது.

2023 மே 27-ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் அப்பந்தயம் நிகழ்ந்தது. தொடங்கிச் சிறிது நேரத்திற்குள் லூட்டனின் தலைவர் டாம் லாக்யர் ஆடுகளத்தில் மயங்கி வீழ்ந்து மருத்துவசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஜோர்டன் கிளார்க் லூட்டனுக்கு ஒரு கோல் போட்டார். பிற்பாதியில் குஸ்தாவோ ஹாமர் காவென்ட்ரிக்கு அதனை ஈடு செய்தார். கூடுதல் நேரமும் தீர்ப்பளிக்கவில்லை. பின்னர்ப் பெனால்டி உதைகள். இருபுறத்தும் ஐவர் ஐவராக உதைத்த பத்தும் கோலாயின. ஆறாவதாக லூட்டனின் டான் பாட்ஸ் உதைத்ததும் கோலாயிற்று. காவென்ட்ரியின் ஃபாங்கட்டி டாபோ உதைத்த பந்து கம்பத்திற்கு மேலே பறந்தது. 6–5 என்று லூட்டன் வென்றது. அவ்வொரு வெற்றியின் பயன் குறைந்தது 17 கோடிப் பவுன் பெறும் எனக் கணக்கறிந்தோர் மதித்திருந்தனர்.

லூட்டன் வென்றமையால் நீதி நிலைபெற்றது என்று சிலர் மகிழலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. நீதி நிலைபெற்றது தற்செயலே. பந்து நான்கடி தாழ்ந்து சென்றிருப்பின் முடிவு வேறாகியிருத்தல் கூடும். பத்துப் புள்ளிகள் குறைந்தவர் மேலேறியிருப்பர். வெற்றியோடு முடிந்ததனாலேயே ஒரு முறை நன்முறையாகி விடாது. மேலும், பதினொருவர் ஒன்பது மாதமாகச் சுமந்த பாரத்தை ஒருவர் காலின்மேல் ஏற்றிவைப்பது எங்ஙனம் தகும்? அன்று பந்தைத் தவறவிட்ட டாபோ அதன்பின் இனவெறி கொண்டோரின் இழிமொழிகளுக்கும் ஆளானார். வசைமொழிந்தோர் குற்றம் அவர்களுடையதே. எனினும், ஒரு மனிதனைத் தனியே நிறுத்தி ஊர் முழுவதற்கும் விடைசொல்லச் செய்யும் விதி, அத்தகையோர்க்கு வாயில் திறந்து வைக்கின்றது என்பதை மறுத்தல் இயலாது.

இம்முறை புதியதுமன்று. 1888-இற் பன்னிரு சங்கங்களோடு தோன்றிய லீக், 1892-இல் இரண்டாம் பிரிவை வகுத்தபொழுது, ‘டெஸ்ட் ஆட்டங்கள்’ என்ற பெயரால் இதனை ஒத்ததொரு சோதனையை ஏற்படுத்திற்று. முதலாண்டிலேயே அதன் குறை வெளிப்பட்டது. பிற்காலத்தில் பர்மிங்காம் சிட்டி எனப் பெயர்பெற்ற ஸ்மால் ஹீத் 22 ஆட்டங்கள் ஆடி இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆயினும் முதற்பிரிவிற் கடையாய் நின்ற நியூட்டன் ஹீத்திடம் டெஸ்ட் ஆட்டத்தில் தோற்று, இருந்த இடத்திலேயே இருந்தது. அந்நியூட்டன் ஹீத்தே பின்னாள் மான்செஸ்டர் யுனைடெட். 1898-இலோ ஸ்டோக்கும் பர்ன்லியும் சமனுற்றாலே இருவர்க்கும் நன்மை என்ற நிலையிற் சந்தித்தன. கோலை நாடி ஒருவரும் உதையாமல் 0–0 என ஆட்டத்தைக் கழித்தனர் என்பர். அவ்விழிவு கண்டு அச்சோதனையை ஒழித்து, புள்ளி மிகுந்தோர் நேரே உயரும் முறையை லீக்கார் நிறுவினர். ஏறத்தாழத் தொண்ணூறாண்டுகள் கழித்து, 1987-இல், ஒழிந்தது வேறுருவில் மீண்டது.

எதிர்க்கட்சியார் கூற்றையும் கேட்டல் கடன். ‘இம்முறையால் ஆறாம் இடத்தை நாடிப் பத்துப் பன்னிரண்டு சங்கங்கள் கடைசி வாரம்வரை ஊக்கம் குன்றாது ஆடுகின்றன; இஃதில்லையேல் வசந்தம் வருமுன்னரே பல ஊர்களில் மைதானம் வெறிச்சோடும்’ என்பர். இது பொய்யன்று. ‘காவென்ட்ரியும் எளியாரே, 2018-இல் லூட்டனோடு நான்காம் படியினின்று ஏறியவர், சொந்த ஊரில் ஆட இடமின்றி நார்தாம்ப்டனிலும் பர்மிங்காமிலும் சிலகாலம் அலைந்தவர், அவர்க்கும் ஒரு வாயில் வேண்டாவோ?’ என்பர். வேண்டும் என்றே நாமும் சொல்வோம். வாயிலை அடைத்தல் நம் நோக்கமன்று. முன்னே வந்தவனையும் பின்னே வந்தவனையும் ஒப்ப நிறுத்தாதிருத்தலே நாம் வேண்டுவது.

இதற்கு வழி உண்டு. ஸ்பெயின் தேசத்து இரண்டாம் பிரிவில் உயர்வுப் பந்தயம் கூடுதல் நேரத்திற்குப் பின்னும் சமனாயின், பெனால்டி உதைகள் இல்லை. பட்டியலில் மேல்நின்றவரே உயர்வர். அதே 2023-ஆம் ஆண்டு ஜூனில், மூன்றாமிடத்து லெவான்டேக்கு இறுதியிற் சமனே போதுமாயிருந்தது. நான்காமிடத்து அலாவெஸ் கூடுதல் நேரத்தின் கடைக்கணத்திற் கோல் போட்டு மேலேறியது. ஆகவே அவ்விதி பின்னின்றவர்க்கு வாயிலை அடைக்கவுமில்லை. பார்ப்போர் உவகையைக் கெடுக்கவுமில்லை. ‘முன்னின்றவரை மேற்கொள்ள விரும்புவோன் வென்றே தீர்க, சமன் போதாது’ என்று மட்டும் அது சொல்கின்றது. இங்கிலாந்தில் அவ்விதி இருந்திருப்பின், 1–1 என்ற கணக்கோடு லூட்டன் தன் உழைப்பாலேயே உயர்ந்திருக்கும்; டாபோவும் தலைகவிழ நேர்ந்திராது.

பின்நிகழ்ந்ததையும் மறைப்பது முறையன்று. லூட்டன் முதற்பிரிவில் 26 புள்ளிகளே பெற்று 2024-இல் இறங்கியது. 2025-இல் இரண்டாம் பிரிவினின்றும் வீழ்ந்தது. ‘பார்மின்! மூன்றாமிடத்தார் தகுதி இவ்வளவே’ என்று நகைப்பார்க்கு ஒன்று கூறுவோம்: அவரோடு ஏறிய ஷெஃபீல்டு யுனைடெட்டும், 101 புள்ளி பெற்ற பர்ன்லியும் அதே 2024-இல் உடன் இறங்கின. மேல்மாடியிற் செல்வம் வகுத்த ஏற்றத்தாழ்வு வேறொரு கதை. அது கீழ்மாடியின் உழைப்பைப் பொய்யாக்காது. 46 ஆட்டங்களில் எட்டே தோல்வி என்னும் அந்தப் பருவம், பின்வந்த வீழ்ச்சியாற் குறைவதுமில்லை. வெம்பிளியிற் பெற்ற வெற்றியால் மட்டும் உயர்ந்ததுமில்லை.

வெற்றிநாளைக் கொண்டாடுவோர் பலர். அந்நாளைச் சமைத்த நாட்களை எண்ணுவோர் சிலரே. கலாசாலையிலும் மைதானத்திலும் விதிகளை வகுக்கும் பொறுப்பு நம் மாணவ நண்பர்களுட் பலர்க்கு ஒருநாள் வந்து சேரும். அந்நாளில், ஓராண்டின் உழைப்பை ஒரு நாழிகையின் கையில் முழுதும் ஒப்புவித்துவிடாத விதிகளையே அவர்கள் வகுப்பார்களாக.