ஜாமர் போட்டாலும் ட்ரோன் தப்பிக்குமா? ஆண்டெனாவில்தான் இருக்கு சூட்சுமம்!

ஓரிக்கை பக்கம் பாலாற்றங்கரையில் நின்று ஒரு ட்ரோனை பறக்க விடுறீங்கன்னு வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் வரை பளிச்சென்று வந்த வீடியோ, ஒரு கிலோமீட்டர் போனதும் திணற ஆரம்பிக்கிறது. பேட்டரி இருக்கு, மோட்டாரும் ஓடுது. பிறகு என்னதான் பிரச்னை?

தூரம் இரண்டு மடங்கானால், வந்து சேரும் சிக்னலின் பலம் நான்கில் ஒரு பங்காகிவிடும். போதாததற்கு, வழக்கமான குச்சி ஆண்டெனா சுற்றிலும் எல்லாப் பக்கமும் சிக்னலை இறைக்கிறது. நம்ம கையில் இருக்கும் ரிமோட்டுக்கு அதில் கிடைப்பது துளியூண்டுதான்.

ஆண்டெனாவை திருப்பினால் போதாதா?

திருப்பலாம். தரையில் மோட்டார் வைத்து, ட்ரோன் போகும் பக்கமெல்லாம் ஆண்டெனாவை திருப்புகிறார்கள். ஆனால் அதே மோட்டாரையும் கியரையும் ட்ரோனில் ஏற்ற முடியாது. இந்திய ட்ரோன் விதிகள் 2021-ன்படி 'மைக்ரோ' வகையின் மொத்த எடையே 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரைதான். ஏறும் ஒவ்வொரு கிராமும் பறக்கும் நேரத்தைக் குறைக்கும்.

அதனால்தான் அசையாமலே திரும்பும் ஆண்டெனா. சர்க்யூட் போர்டில் அச்சடித்த சின்னச் சின்ன செப்புத் தகடுகளை வரிசையாக வைக்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ. தகடுகளுக்கு இடையே அதில் பாதி இடைவெளி. பக்கத்து பக்கத்து தகடுகளுக்கு சிக்னலை சுமார் 0.1 நானோ வினாடி தள்ளித் தள்ளிக் கொடுத்தால், மொத்தக் கற்றையும் 30 டிகிரி திரும்பிவிடும். எதுவும் அசையாது! 4 தகடு இருந்தால், ஒற்றைத் தகட்டைவிட 4 மடங்கு பலம்; அதாவது, திறந்த வெளியில் இரண்டு மடங்கு தூரம்.

(சரிகைக்குப் பெயர் போன ஊர்க்காரர்களுக்கு ஒரு கொசுறு: மின்சாரம் கடத்தும் இழையால் துணியிலேயே ஆண்டெனா தைக்கும் ஆராய்ச்சியும் உலகில் நடக்கிறது.)

சிக்கலும் இருக்கு. கற்றையைத் திருப்பும் சிப்கள் பேட்டரியைத் தின்னும், சூடாகும். அதனால் சின்ன ட்ரோன்களுக்கு, உடம்பைச் சுற்றி நான்கைந்து தகடுகளை ஒட்டி, எது ரிமோட்டைப் பார்க்கிறதோ அதை மட்டும் ஆன் பண்ணும் எளிய முறையே நடைமுறைக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது. தவிர, உரிமம் தேவையில்லாத 2.4 கிகாஹெர்ட்ஸில், ஆண்டெனா குவிக்கும் பலத்தையும் சேர்த்தே 4 வாட் என்பது இந்திய உச்சவரம்பு. கற்றையை எவ்வளவு குறுக்குகிறோமோ, அந்த அளவுக்கு டிரான்ஸ்மிட்டரை அடக்கி வாசிக்க வேண்டும். சிக்னலை வாங்கும் பக்கத்தில்தான் முழு லாபம்.

போர்க்களத்தில் ஏன் முக்கியம்?

2025 மே 8 இரவு, பாகிஸ்தான் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்களை அனுப்பியதாக இந்திய அரசு கூறியது. இந்த மாதிரி தாக்குதலுக்கு முதல் பதிலடி ஜாமர். அதைத் தாண்டத்தான் உக்ரைன் போரில் ஃபைபர் கேபிளை இழுத்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்தன. கேபிள் இல்லாத வழி, ஜாமர் இருக்கும் திசைக்கு மட்டும் ஆண்டெனா 'காதை மூடிக்கொள்வது'. 4 தகடு இருந்தால் அதிகபட்சம் 3 ஜாமர்களை இப்படிப் புறக்கணிக்கலாம்.

இந்தத் தொழில்நுட்பத்தை வெளியே வாங்குவதிலும் ஆபத்து இருக்கு. சீன உதிரிபாகங்கள் பற்றிய கவலையால், 2025 பிப்ரவரியில் ராணுவத்துக்கான 400 ட்ரோன்களின் ஒப்பந்தங்கள் ரத்தாயின. மதிப்பு சுமார் 230 கோடி ரூபாய்.

காஞ்சிபுரத்துக்கு என்ன தொடர்பு?

ஓரிக்கை இருக்கும் அதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட்டில்தான் ட்ரோன் சோதனை மையம் திட்டமிடப்பட்டது. சுமார் 45 கோடி ரூபாய் மதிப்பிலான இந்தப் பணி 2023-ல் கெல்ட்ரான் தலைமையிலான கூட்டமைப்புக்குப் போனது. இத்திட்டத்தில் மத்திய அரசின் மானியம் 75 சதவீதம் வரை. 2024 ஜூலையில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தலைமையில் மின்னணுப் போர் சோதனை மையத்துக்கும் தமிழ்நாட்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டெனா வடிவமைப்பவருக்கு இந்த இரண்டுமே தேவை. லேப் மேஜையில் ஒழுங்காக வேலை செய்யும் தகடு, மோட்டார் சுற்றி, கார்பன் ஃபைபர் உடம்பு பக்கத்தில் வந்ததும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஜாமர் நடுவே அது என்ன செய்யும் என்பதைப் பறக்கவிட்டுத்தான் பார்க்க முடியும்.