பாப்பாவின் கண்ணுக்கு டப்பாப் பாலா?

கல்வராயன் மலையில் சாமை, தினை, மரவள்ளி விளைகின்றன. அவற்றை விற்ற காசோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறாள் ஒரு தாய். மடியில் கைக்குழந்தை. கடையில் பால் பவுடர் டப்பா இருக்கிறது. 'டி.எச்.ஏ. சேர்ந்தது' என்று அதில் எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

டி.எச்.ஏ. என்பது ஒரு வகைக் கொழுப்பு. கண்ணுக்குள் இருக்கும் விழித்திரை வளர அது தேவை. இது உண்மைதான். ஆனால், டப்பாவில் அதைச் சேர்த்தால் பார்வை கூடுமா?

பேசாத குழந்தையின் பார்வையை அளக்க ஒரு வழி உண்டு. ஓர் அட்டையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள். இன்னொன்று வெறும் சாம்பல் நிறம். குழந்தை கோடுகளைத்தான் பார்க்கும். கோடுகளை வரவர மெல்லியதாக்குவார்கள். எந்தக் கோடு வரை பார்க்கிறதோ, அதுவே அதன் பார்வை.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பார்வையைச் சோதித்த ஒன்பது ஆராய்ச்சிகளை 2017-ல் சேர்த்துப் பார்த்தார்கள். நான்கில் பலன் தெரிந்தது. ஐந்தில் தெரியவில்லை!

தாய்ப்பாலிலோ அந்தக் கொழுப்பு இயற்கையாகவே இருக்கிறது. தாய் மீன் சாப்பிட்டால் இன்னும் கூடும். ஆகவே, டப்பாவுக்குக் கொடுக்கும் காசைத் தாயின் சாப்பாட்டுக்குச் செலவிடுங்கள். தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுப் பவுடர் கொடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். மூன்று மாதமாகியும் குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லையா? கண்மணி வெள்ளையாகத் தெரிகிறதா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு எந்த டப்பாவும் மருந்தாகாது!