வாய்தாவுக்கு வர்ற ஹீரோ!

'ஜெய் பீம்' வந்த 2021-ல் இருந்து ஹாஸ்டல் ரூம்களில் ஒரு டயலாக் அடிக்கடி கேக்குது. "மச்சி, பேசாம லா படிச்சிருக்கலாம்டா!" கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு சூர்யா நடக்கிற நடைக்கு மயங்காதவங்க யாரு? அந்தக் கேரக்டருக்குப் பின்னால் இருக்கிற நிஜ மனுஷர் கே.சந்துரு. 1993-ல் போலீஸ் காவலில் செத்துப்போன ராஜாக்கண்ணுவின் மனைவிக்காக வாதாடிய வக்கீல், பிற்பாடு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. அவருக்குக் கிடைச்ச கைதட்டல் அத்தனையும் நியாயமானது. நோ டவுட்!

ஆனா, இந்த வாரம் நான் கைதட்டச் சொல்றது வேற ஒரு வக்கீலுக்கு. அவரை வெச்சு யாரும் படம் எடுக்க மாட்டாங்க. ஏன்னா, அவர் கேஸ்ல லாக்கப் இல்ல, ரத்தம் இல்ல, கிளைமாக்ஸ் வசனம் இல்ல. ஒரு புரோநோட்டு, ஒரு சம்மன், பத்துப் பதினஞ்சு வாய்தா. அவ்ளோதான்.

லொகேஷன், மாரண்டஹள்ளி. தர்மபுரியில் இருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியா ஓசூர் பஸ்ல போனவங்களுக்குத் தெரியும். தக்காளி ஏத்தின வண்டிகள், பெங்களூருக்குப் போற ரயில், வேலைக்காக அந்த ரயில்லயே போயிட்ட இளவட்டங்கள், ஊர்ல மிச்சம் இருக்கிற தாத்தா பாட்டிங்க. அதுல ஒரு தாத்தாவை எடுத்துக்குவோம். கற்பனைத் தாத்தாதான். ஆனா, உங்க ஊர்லயும் ஒருத்தர் இருப்பார்.

பேத்தி கல்யாணத்துக்கு 20,000 ரூபா கடன் வாங்கறார். 'ஒரு கையெழுத்து போடுங்க பெருசு'ன்னு எதுவும் எழுதாத புரோநோட்டை நீட்டறாங்க. ரெவின்யூ ஸ்டாம்ப் மேல நடுங்குற கையால தாத்தா கையெழுத்து போடறார். ரெண்டு வருஷம் கழிச்சு பாலக்கோடு கோர்ட்டில் இருந்து சம்மன் வருது. புரோநோட்டுல இருக்கிற தொகை 2 லட்சம்! தாத்தா என்ன பண்ணுவார்? 'கோர்ட்டு படி ஏறினா மானம் போச்சு'ன்னு அந்தக் காகிதத்தை எரவாணத்துல செருகிட்டு, ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிடுவார்.

இங்கதான் மேட்டரே. சம்மன் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள எதிருரை போடணும். கோர்ட் மனசு வெச்சா 90 நாள் வரைக்கும் இழுக்கலாம். ஆளே வரலைன்னா எக்ஸ்-பார்ட்டி... அதாவது, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு தீர்ப்பு. அப்புறம் வட்டி, செலவுத் தொகை, ஜப்தின்னு ஒரு நாள் அமீனா வாசல்ல நிப்பார். 20,000-க்காக நிலமே போகும்.

சரி, தாத்தாவே தைரியமா கோர்ட்டுக்குப் போய் 'சாமி, கையெழுத்து என்னுதுதான், ஆனா தொகை பொய்யி'ன்னு சொன்னா? சொல்லலாம். ஆனா, கையெழுத்தை ஒப்புக்கிட்டா, பணம் கைமாறினதாகவே எடுத்துக்கணும்னு செலாவணி முறிச் சட்டத்தின் 118-வது பிரிவு சொல்லுது. இல்லைன்னு காட்ட வேண்டியது தாத்தாவோட பொறுப்பு! குறுக்கு விசாரணை தெரிஞ்ச ஒரு வக்கீல் இல்லாம இது நடக்கற காரியமா?

கிரிமினல் கேஸ்ல வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசாங்கம்தான் ஏற்பாடு செய்யணும்னு உசைனாரா கத்தூன் வழக்குல 1979-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சிவில் கோர்ட்ல நிலைமை வேற. வராத ஆளை 'உங்க வக்கீல் எங்கே?'ன்னு யாரும் தேடிப் போறதில்லை. நாமதான் போய்க் கேக்கணும்.

கேட்டா உண்டா? உண்டு பாஸ்! அமெரிக்காவைவிட நம்ம சட்டம் இந்த விஷயத்துல பெருந்தன்மையானது. அங்கே கிரிமினல் கேஸுக்கு அரசு செலவில் வக்கீல் என்பது 1963-ல் உரிமை ஆச்சு. சிவில் கேஸுக்கு அப்படி ஒரு பொதுவான உரிமை இல்லைன்னு 1981-ல் அவங்க உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. நம்ம அரசியல் சட்டத்துல 1976-ல் சேர்ந்த 39-ஏ பிரிவும், அதை ஒட்டி 1987-ல் வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமும் சிவில், கிரிமினல்னு பிரிச்சே பார்க்கலை. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள் இவங்களுக்கெல்லாம் வருமானக் கணக்கே கிடையாது. மத்தவங்கள்ல பலருக்கு வருமான வரம்பு உண்டு. வக்கீல் ஃபீஸ் மட்டுமில்ல, கோர்ட் ஃபீஸையும் அவங்களே கட்டுவாங்க. எழுதத் தெரியாதவர் வாயால சொன்னாலே போதும், அங்கேயே எழுதிக்குவாங்க.

அப்போ பிரச்னை என்ன? 'ஓசி வக்கீல்' என்கிற அந்த ஒரு வார்த்தை! ஓசின்னா ஒழுங்கா வாதாட மாட்டார்னு நம்ம ஜனங்களுக்கு ஒரு எண்ணம். அதுல கொஞ்சம் உண்மையும் இருக்குங்கிறதை ஒளிக்க வேண்டாம். இந்த கேஸ்களுக்கு வர்ற ஃபீஸ் கொஞ்சம்தான். வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்பிட்டு மறந்துடறவங்களும் இருக்காங்க. அதனாலதான், அதே சொற்ப ஃபீஸுக்கு முப்பதாவது நாள் சாயங்காலத்துக்குள்ள எதிருரையைத் தாக்கல் பண்ற வக்கீல் எனக்குப் பெரிய ஆளாத் தெரியறார்.

அந்தச் சட்டம் அமலுக்கு வந்த நாள் 1995 நவம்பர் 9. அதனால வருஷா வருஷம் நவம்பர் 9 தேசிய சட்டப் பணிகள் தினம். ஊர்வலம், பேனர், சால்வை எல்லாம் உண்டு. வேண்டாம்னு சொல்லலை. ஆனா, மேடையில் 'இத்தனை ஆயிரம் கேஸ் முடிச்சோம்'னு எண்ணிக்கை வாசிக்கும்போது எனக்கு ஒரு நெருடல். லோக் அதாலத்தில் சமரசமா முடிச்சா மேல்முறையீடே கிடையாது. 'ஏதோ கிடைச்சது போதும் சாமி'ன்னு பயந்து கையெழுத்து போட்டவரும் அந்த எண்ணிக்கையில்தானே வருவார்? சால்வையை எண்ணிக்கைக்குப் போடாம, 'இந்த சமரசம் உங்களுக்கு வேண்டாம், வாதாடலாம் வாங்க'ன்னு கட்சிக்காரர்கிட்ட சொன்ன வக்கீலுக்குப் போட்டா எப்படி இருக்கும்!

கேர்ள்ஸ், உங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா மேட்டர். 'சீர் செஞ்சாச்சு, விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து போட்டுடும்மா'ன்னு அம்மாகிட்டயோ அக்காகிட்டயோ மாமா பத்திரத்தோட வருவார். பூர்வீகச் சொத்துல மகளுக்குப் பிறப்பாலேயே சம பங்கு உண்டுன்னு 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்குல உச்ச நீதிமன்றம் உறுதியா சொல்லிடுச்சு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட படிச்சுக் காட்டுங்க. உங்களுக்கு அது இலவசம்.

தர்மபுரிக்கு 2017-ல் அரசு சட்டக் கல்லூரி வந்துடுச்சு. சட்டக் கல்லூரின்னா இலவச சட்ட உதவி மையமும் இருக்கணும். அங்கே படிக்கிற நண்பர்களே, மூட் கோர்ட் கப் ஜெயிக்கிறது கெத்துதான். ஆனா, ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி மாரண்டஹள்ளி சந்தைப் பக்கம் ஒரு டேபிள் போட்டு உக்காந்து பாருங்க. சம்மனை எப்படிப் படிக்கறதுன்னு சொல்லிக் கொடுத்தாலே கூட்டம் கூடிடும். சட்டம் படிக்காதவங்களும் பாரா லீகல் வாலண்டியர் ஆகலாம். அதுக்கான திட்டம் 2009-ல் இருந்து இருக்கு. மாவட்ட கோர்ட் வளாகத்துல இருக்கிற ஆணைக்குழு ஆபீஸ்ல விசாரிங்க. போன்ல கேக்கணும்னா 15100, காசு கிடையாது.

இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் தாத்தா வீட்டு எரவாணத்துல ஒரு தடவை கைவிட்டுப் பாருங்க. கரண்ட் பில், ரேஷன் ரசீதுக்கு நடுவுல கோர்ட் முத்திரையோட ஒரு காகிதம் இருந்தா, முதல்ல அது வீட்டுக்கு வந்த தேதியைக் கேளுங்க. அதுல இருந்து முப்பது நாள்!