கடைசிக் கம்பத்து வீட்டின் நியாயம்

"என் மாடி, என் காசு, என் வெயில். விளையற கரண்ட்டை எவ்வளவு வேணும்னாலும் லைன்ல விடுவேன். அதுக்கு வரம்பு போட ஈபி யாரு?" கூரையில் சோலார் போட்டவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. விற்க வருகிற முகவர்களும் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள். மின்வாரியம் ஒரு பேங்க், பகலில் யூனிட்டைப் போட்டுவைத்து ராத்திரி எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஏற்றுமதிக்கு வரம்பு என்ற பேச்சை யாராவது எடுத்தால், அது சோலாரை ஒழிக்க நடக்கும் சதி என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்த நம்பிக்கை தவறானது, அநீதியானதும்கூட. கூரை மின்சாரம் ஊரெங்கும் பரவ வேண்டும் என்று விரும்புகிறவர்களே இதை முதலில் எதிர்க்க வேண்டும்.

பேங்க் கதையிலிருந்து தொடங்குவோம். மின்கம்பியில் எதையும் சேமித்துவைக்க முடியாது. நாடு முழுவதும் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியாவதும் செலவாவதும் சமமாக இருந்தாக வேண்டும். அந்தச் சமநிலையைக் காட்டும் அளவுதான் அலைவெண். இந்தியாவில் அது 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவே நிற்க வேண்டும் என்பது விதி. நீங்கள் நண்பகலில் கொடுத்த யூனிட் அந்த நொடியே யாரோ ஒருவர் வீட்டில் செலவாகிவிட்டது. இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருவது அப்போது ஏதோ ஓர் அனல் நிலையத்தில் நிலக்கரி எரித்தோ, காடம்பாறை போன்ற நீரேற்று நிலையத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டோ உண்டாக்கிய புது யூனிட். அதற்கு யாரோ செலவு செய்கிறார்கள்.

இனி தெருவுக்கு வருவோம். படாளத்தில் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்றிலிருந்து மின்சாரம் பெறும் ஒரு தெருவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 வீடுகள் தலைக்கு 3 கிலோவாட் போட்டால் மொத்தம் 120 கிலோவாட். பகல் 12 மணிக்கு அந்த வீடுகளில் பாதிப்பேர் மறைமலைநகருக்கோ மகேந்திரா சிட்டிக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளியில். ஃபிரிட்ஜும் ஓரிரண்டு மின்விசிறியும்தான் ஓடும். மிச்சமெல்லாம் டிரான்ஸ்பார்மரை நோக்கித் திரும்பிப் பாயும். வீடுகளுக்குக் கொடுக்கவென்றே போட்ட கம்பியில் எதிர்த்திசையில் மின்சாரம் பாய்ந்தால் வோல்டேஜ் ஏறும். டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளிப் போகப் போக ஏற்றம் கூடும். உச்சம் எங்கே? கடைசிக் கம்பத்து வீட்டில்.

வோல்டேஜ் இயல்பளவின் 110 சதவீதத்தை, அதாவது 230-க்கு 253 வோல்ட்டைத் தாண்டினால் 2 நொடிக்குள் இன்வெர்ட்டர் தானாகத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. அப்போது முதலில் விழுவது எந்த இன்வெர்ட்டர்? டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எந்தத் தடையும் இல்லாமல் ஏற்றுமதி செய்துகொண்டிருப்பார். கடைசிக் கம்பத்தில் இருப்பவரின் பலகைகள் நல்ல வெயிலில் சும்மா கிடக்கும். லோ வோல்டேஜ் காலத்திலும் அவர் வீட்டு டியூப்லைட்தான் கடைசியாக எரிந்தது. இப்போது கடன் வாங்கி சோலார் போட்ட பிறகும் இழப்பு அவருக்கே.

வரம்பே கூடாது என்பவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான். நாம் எழுதாவிட்டாலும் வரம்பு இருக்கிறது. கம்பியின் தடிமனும் டிரான்ஸ்பார்மரின் கொள்ளளவும் அதை எழுதிவைத்திருக்கின்றன. அந்த வரம்பை எல்லோரும் பகிர்ந்துகொள்ளப் போகிறோமா, கடைசி வீட்டின் தலையில் கட்டப் போகிறோமா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

தெருவில் நடப்பது மாநில அளவிலும் நடக்கிறது. நமக்குப் பக்கத்தில் கல்பாக்கத்தில் இருக்கும் அணுமின் நிலையம் வெயிலுக்கும் மேகத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும் இயந்திரமல்ல. அனல் நிலையங்களையும் ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. 55 சதவீதம் வரை இறக்கி ஓட்டப் பழக வேண்டும் என்று 2023-இல் விதி வந்தது; 40 சதவீதத்துக்குப் போவது அடுத்த கட்டம். நண்பகலில் அணைத்துவிட்டு மாலை ஆறு மணிக்கு மூட்டிவிட அனல் நிலையம் வீட்டு அடுப்பல்ல. பகலில் அதை முழுதாக நிறுத்தினால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மின்சாரம் இருக்காது.

முன்யோசனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. மின்தேவை குறைவு, வெயில் அதிகம். பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. எல்லோரும் குரங்கைப் பேசினார்கள். ஆனால் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடியதால் அதிர்ச்சியைத் தாங்கும் வலு மின்தொகுப்புக்கு இல்லாமல் போனது என்று இலங்கை மின்சார சபையே விளக்கியது. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை கூரை சோலாரை அணைத்துவையுங்கள் என்று சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லும் வழி கையில் இல்லாதபோது முழுதாக அணைக்கச் சொல்வதுதான் மிஞ்சுகிறது. வரம்பை வெறுக்கிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது சுழியம்.

ஜெர்மனி இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தது. அலைவெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் உடனே துண்டித்துக்கொள்ளும்படி அங்கே பழைய இன்வெர்ட்டர்களை அமைத்திருந்தார்கள். லட்சக்கணக்கான கூரைகள் ஒரே நொடியில் விலகினால் தொகுப்பே சரியும் என்பது பிறகுதான் உறைத்தது. 2012-இல் தனி ஆணை போட்டு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைத் திருத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டு, சிறிய கூரைகள் தங்கள் உச்சத் திறனில் 70 சதவீதத்துக்கு மேல் லைனில் விடக்கூடாது, அல்லது தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் கருவி வைக்க வேண்டும் என்றார்கள். பலகை முழுத் திறனில் ஓடுவது நாளில் கொஞ்ச நேரமே என்பதால் ஆண்டு முழுதும் சேர்த்து இழப்பு சில சதவீதம்தான். பிறகு புதியவர்களுக்கு அதை நீக்கினார்கள். 2025 பிப்ரவரியில், கட்டுப்படுத்தும் கருவி இல்லாத புதிய நிலையங்களுக்கு 60 சதவீதம் என்று இன்னும் இறுக்கமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சோலாரை உலகுக்கே பழக்கிய நாடு அது. சோலாரை ஒழிக்கவா இதைச் செய்தது?

"எல்லாம் சரி, நம்ம வாரியத்தை எப்படி நம்பறது?" என்ற கேள்விக்கு நியாயம் இருக்கிறது. 2017-இல் தமிழ்நாட்டில் பெரிய சோலார் நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன விவகாரம் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. அந்தக் குறைப்பு தொகுப்பின் பாதுகாப்புக்காக நடந்ததல்ல, வணிகக் காரணத்துக்காக நடந்தது என்று 2021 ஆகஸ்ட் 2 அன்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்த விலையில் 75 சதவீதத்தை இழப்பீடாகத் தரவும் உத்தரவானது. பாதுகாப்பு என்ற பெயரைப் பொய்யாகச் சொன்னதால் ஏற்பட்ட காயம் அது. ஆனால் அந்தத் தீர்ப்பு வரம்பே தவறு என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாத, கணக்குக் காட்டாத வரம்பைத்தான் தண்டித்தது. நாம் போராட வேண்டிய இடமும் அதுதான்.

நல்ல வரம்புக்கு உதாரணம் தென் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 2021 மார்ச்சில் அங்கே முதன்முறையாகக் கூரை சோலாரைத் தொலைவிலிருந்து நிறுத்த நேர்ந்தது. அதற்குப் பிறகு நெகிழ்வான ஏற்றுமதி முறை பரவியது. லைனில் இடம் இருக்கும்போது ஒரு வீடு 10 கிலோவாட் வரை விடலாம். நெருக்கடியான நேரத்தில் அது 1.5 வரை இறங்கும். வருஷம் முழுவதும் ஒரே பூட்டு கிடையாது, தேவைப்படும் மணிநேரத்துக்கு மட்டும்தான்.

இதில் நமக்குப் பெரிய லாபம் ஒன்று உண்டு. மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் 2024-இல் ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் வசதி குறைந்தவர்களும் கேட்டு வருகிறார்கள். வரம்பில்லாமல் விட்டால், கையில் காசிருந்து முதலில் போட்ட முப்பது வீடுகள் டிரான்ஸ்பார்மரை நிரப்பிவிடும். பின்னால் வருபவருக்கு "இடமில்லை" என்ற பதில்தான். உச்சி நேரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அதே டிரான்ஸ்பார்மரில் இன்னும் பல வீடுகள் சேரலாம்.

பேங்க் கதை செய்யும் கெடுதல் இன்னொன்றும் உண்டு. ராத்திரி எடுத்துக்கொள்ளலாம் என்று நம்புகிறவர் பகலில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பமாட்டார். மின்சார ஸ்கூட்டரைப் பகலில் சார்ஜ் போடமாட்டார். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. மதுராந்தகம் வட்டாரத்துப் பம்புசெட்டுகள் வெயில் நேரத்தில் ஓடினால் கூரைகள் கொடுப்பதை அந்த ஊரின் வயலே குடித்துவிடும். மின்சாரம் உண்டாகிற இடத்திலேயே, உண்டாகிற நேரத்திலேயே செலவானால் வரம்பைத் தொட வேண்டிய நாட்களே குறையும்.

எனவே மின்வாரியத்திடமும் ஒழுங்குமுறை ஆணையத்திடமும் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் எவ்வளவு சோலார் இருக்கிறது, எவ்வளவு இடம் மிச்சம் என்பதை வெளியிடுங்கள். எந்த நாள், எந்த மணி, ஏன் குறைத்தீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதிக் காட்டுங்கள். குறைப்பைத் தெருவின் எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பங்கிடுங்கள். சொன்ன அளவுக்கு மேல் குறைத்தால் இழப்பீடு கொடுங்கள். இவற்றைச் செய்யாத வரம்பை நீதிமன்றம் வரை போய் எதிர்ப்போம். இவற்றைச் செய்கிற வரம்பை, கூரையில் பலகை வைத்திருக்கும் நாம் முன்வந்து ஏற்க வேண்டும். பொதுக்கம்பியைப் பயன்படுத்துகிறவர்களின் குறைந்தபட்சக் கடமை அது.