ஏலத்துக்குப் போகும் வில்லுப்பாட்டு

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

நம் பல்கலைக்கழகத்தின் கழிவு ஏலப் பட்டியலைப் போன வாரம் பழைய மாணவர் ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். உடைந்த நாற்காலிகளுக்கும் ஓடாத மின்விசிறிகளுக்கும் நடுவே ஒரு வரி: ‘பழைய ஒலிநாடா, 3 பெட்டி. மின்னுருவாக்கம் முடிந்தது.’

அந்த மூன்று பெட்டிக்குள் 400 கேசட் இருக்கிறது. நாட்டார் வழக்காற்றியல் துறையில் நானும் என் மாணவர்களும் 1988 முதல் பதினைந்து வருடம் நெல்லைச் சீமையில் ஊர் ஊராகப் போய்ப் பதிந்தவை. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, ஒப்பாரி. பாடியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை.

2006இல் இவற்றை வெளியாட்களிடம் கொடுத்து, எம்பி3 ஆக்கி, சிடியில் எழுதி வாங்கினார்கள். அலுவலகத்தைப் பொறுத்தவரை கோப்பு அன்றே மூடப்பட்டுவிட்டது. போன வருடம் அந்த சிடிகளில் பத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்றைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை. எழுதும் சிடியில் பதிவு நிற்பது ஒரு சாயப் பூச்சில். வெக்கையும் வெளிச்சமும் பட்டால் சாயம் கெடும். வேறு பிரதி உண்டா என்று கேட்டேன். இல்லையாம்.

ஓடாத மூன்றைவிட, ஓடிய ஏழுதான் என்னை வருத்தியது. ஒரு சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் விடிய விடிய உட்கார்ந்து பதிந்த வில்லுப்பாட்டு அவற்றில் ஒன்றில் இருந்தது. வீசுகோல் பட்டதும் வில்லில் கட்டிய மணிகள் சிலிர்க்கும் சத்தம் எனக்கு இன்றும் காதில் நிற்கிறது. சிடியில் மணி இல்லை. ஈரச் சாக்கை உதறுவதுபோல ஏதோ கேட்டது.

காரணம் இரண்டு. காது கவனிக்காது என்று கருதும் ஒலிகளைக் கழித்துவிட்டுத்தான் எம்பி3 தன் உருவத்தைச் சுருக்குகிறது. அளவுக்கு மீறிச் சுருக்கும்போது முதலில் சிதைவது ஜால்ரா, சலங்கை, கைதட்டல் போன்றவை. வில்லுப்பாட்டில் அவற்றை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? இன்னொன்று, கேசட் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் திருகு. பதிந்த கருவியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்கு ஓட்டும் கருவியின் ஹெட்டையும் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மேல் ஒலிகள் மங்கிவிடும். ஒவ்வொரு கேசட்டுக்கும் காதால் கேட்டுக் கேட்டுத் திருக வேண்டிய வேலை இது. கேசட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அந்தத் திருகை யார் தொடுவார்? அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

ஐயா, மணிச் சத்தம் கேசட்டில் இன்னும் இருக்கிறது. அட்டையும் இருக்கிறது. சிடியில் ‘டிராக் 07’ என்று மட்டும் உள்ள பாட்டுக்கு ஊர் எது, பாடியவர் யார், என்றைக்குப் பாடியது என்பதெல்லாம் கேசட் அட்டையில் மாணவர்களின் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஏலம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ, சுருக்காத வேவ் கோப்பாக, குறைந்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியச் சொல்கிறது. காப்பகங்கள் பலவும் 96 கிலோஹெர்ட்ஸில் பதிகின்றன. அப்படிப் பதிந்தால் 90 நிமிடக் கேசட் ஒன்றுக்கு 3 ஜிபிக்குச் சற்று மேல் ஆகும். 400 கேசட்டும் ஒன்றேகால் டெராபைட்டில் அடங்கிவிடும். ஒரு கருத்தரங்கின் பொன்னாடைச் செலவுக்குள் அதற்கான ஹார்ட் டிஸ்க் கிடைக்கும். நேரத்தில்தான் சிக்கனம் பிடிக்க முடியாது. நாடா அதன் வேகத்தில்தான் ஓடும். 600 மணி நேரம் ஆகும். தள்ளிப்போடவும் வழியில்லை. நாடாக்களை ஓட்டும் கருவிகளே அருகி வருகின்றன என்று யுனெஸ்கோ 2019இல் ஒரு திட்டமே தொடங்கி எச்சரித்தது.

மாற்றி முடித்த பிறகும் வேலை முடியாது. மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். கோப்பு உருவான அன்றே கணினி அதற்கொரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டுத் தரும். வருடம் ஒருமுறை அதை மறுபடி கணக்கிட்டு, மாறியிருந்தால் நல்ல பிரதியிலிருந்து மீட்க வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை டிஸ்க்கையே மாற்ற வேண்டும். செல்லரித்த ஓலையிலிருந்துகூட உ.வே.சா. பாதிப் பாட்டையாவது மீட்டார். ஹார்ட் டிஸ்க் ஓர் இரவில் மொத்தமாகக் கையை விரித்துவிடும். கோயிலுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கொரு குடமுழுக்குப் போதும். கோப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அதனால் அந்த வரியை ஏலப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒலிக் காப்புக்கென வருடாந்தர நிதியில் தனித் தலைப்பு ஒன்று வையுங்கள். அதற்குப் பொறுப்பான ஆள் ஓய்வு பெற்றால் அடுத்தவர் பெயர் கோப்பில் ஏற வேண்டும். எனக்குச் சம்பளம் எதுவும் வேண்டாம். கிடங்குச் சாவியும் ஒரு மேசையும் போதும். டெக் என் வீட்டில் இருக்கிறது. பெல்ட் மாற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
துறையின் ஓய்வுபெற்ற ஆசிரியன்